கந்தவேல் அவித்ததாகச் சொல்லப்படும் அவரை

கரட்டுப்புதூர்க் கந்தவேல், கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய விதை அவரையை அண்டாவில் போட்டு அவித்துவிட்டான் என்பதுதான் பேச்சு.

வீரபாகுவின் டீக்கடையிலிருந்து கிளம்பியபோது அது ஒரு படி அவரையாகத்தான் இருந்தது. ஓமலூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு மூட்டையானது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒன்பது மூட்டை. அங்கிருந்து யாரோ தம்மம்பட்டிக்கு லோடு ஏற்றிப் போனவர்கள், அவித்ததோடு விடவில்லை, உப்பும் போட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவித்தான் சரி, எதற்கு அவித்தான்? அதற்கும் ஊரில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. வண்டு விழாமல் இருக்க வெந்நீர் காட்டியிருப்பான் என்றது ஒரு கட்சி. நல்ல விதையை வேறு கம்பெனிக்குத் தள்ளிவிட்டு இவர்களுக்குச் சுண்டலைக் கட்டிவிட்டான் என்றது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சிக்குக் காரணமே தேவைப்படவில்லை. "தறிக்காரங்க. பாவு நூலுக்குக் கஞ்சி காச்சுன கை. கண்டதையும் அண்டாவுல போடத்தான் சொல்லும்."

பேச்சுக்கு ஒரே சாட்சி அந்த அண்டா. ஆகையால் அண்டாவைப் போய்ப் பார்த்துவிடுவதுதான் முறை. கந்தவேல் வீட்டுப் புழக்கடையில், முருங்கைக்கு அடியில், சாய்ந்தவாக்கில் கிடக்கிறது. இரும்பு அண்டா. அடியில் கைமுட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே வைக்கோல், வைக்கோலுக்கு மேலே ஒரு கருங்கோழி பதினொரு முட்டையோடு அடைகாத்துக்கொண்டு, வந்தவர்களை ஒற்றைக் கண்ணால் முறைக்கிறது. இந்த அண்டாவில் யாராவது எதையாவது அவித்திருந்தால் முதலில் வெந்திருக்க வேண்டியது அந்தக் கோழிதான்.

இதை டீக்கடையில் போய்ச் சொன்னால், "ஓட்டைய அப்புறமா போட்டிருப்பானுங்க" என்றார்கள்.

"கோழி?"

"கோழியையும் அப்புறமாத்தானுங்க உக்கார வெச்சிருப்பான்."

கந்தவேல் மாட்டிக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட இடத்தில். உள்ளே வர எட்டு வழி. வெளியே போக ஒன்றும் கிடையாது.

*

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ராசிபுரத்துக்காரர். தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் படித்து, தறிச் சத்தத்திலேயே தூங்கப் பழகியவர். நான்கு விசைத்தறிகள் வைத்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவை எடைக்குப் போயின. அதன் பிறகு பத்து நாள் அவருக்குத் தூக்கமே வரவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. மனைவி கமலவேணிக்கு அவளுடைய அப்பா எழுதி வைத்த இரண்டு ஏக்கர் கரட்டுப்புதூரில் இருந்தது. பெட்டி படுக்கை, பாவுக்குக் கஞ்சி காய்ச்சிய அண்டா எல்லாவற்றையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மாமியார் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அந்த இரண்டு ஏக்கரின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்று பக்கமும் கமலவேணியின் அண்ணன் அன்பரசுவின் எட்டு ஏக்கர். நாலாவது பக்கம் வெள்ளைக் கரடு. கந்தவேல் ஒரு தீப்பெட்டி வாங்க வேண்டுமென்றாலும் மச்சானின் வரப்பு மேல் நடந்துதான் போக வேண்டும். நடக்கும்போது மச்சான் எங்கிருந்தோ பார்ப்பார். "என்னுங்க மாப்ளே, எங்க கிளம்பியாச்சு?" என்று கேட்பார். தீப்பெட்டிக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஊரின் பெருமை அந்த வெள்ளை மண். கரட்டிலிருந்து வெள்ளைக்கல் வெட்டி உலைச் செங்கல் சுடக் கொண்டுபோகிறார்கள். அதன் பொடி மழைக்கு இறங்கி வயலெல்லாம் வெளுத்துக் கிடக்கும். "எங்க மண்ணுல சுண்ணாம்புச் சத்து தானா ஊறுதுங்க. எலும்பை நட்டாக்கூட தழைக்கும்" என்பார் அன்பரசு. அவருடைய அப்பாவும் அதையேதான் சொன்னார். வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சுவருக்கு அடிப்பதும் வெள்ளைதான், வெற்றிலையில் தடவுவதும் வெள்ளைதான்.

வந்த முதல் வருஷம் அன்பரசுவே கூப்பிட்டு ஒரு படி அவரை விதை கொடுத்தார். வரப்போரம் ஊன்றச் சொன்னார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விதையாக வாங்கியதை விதையாகத்தான் திருப்ப வேண்டும், காசாக ஆகாது. அதுவும் ஒன்றுக்கு ஒன்றரையாக, தன் நிலத்தில் தானே விளைவித்ததாக இருக்க வேண்டும். "அவசரமில்லைங்க மாப்ளே. வெள்ளாமை உங்களுக்குக் கைகூடட்டும். தறிக்காரங்க வெதைச்சா துண்டும் வேட்டியும் முளைக்குமாமா, பாக்கலாம்" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கந்தவேலும் சிரித்தார். மூன்று பக்கமும் மச்சான் நிலம் இருக்கும்போது வேறு என்ன செய்வது?

முதல் வருஷம் ஆடு மேய்ந்தது. இரண்டாம் வருஷம் மழை. அதற்கடுத்த இரண்டு வருஷமும் தெரியாமல் செய்த விவசாயம். ஐந்தாம் வருஷம் செவ்வாய்ப்பேட்டை விதைக் கம்பெனி ஒன்று ஊருக்குள் வந்தது. பதினோரு குடும்பங்களுக்கு, கொடி வீசாத குத்து அவரை விதை கொடுத்து, விளைந்ததை விதைக்கே எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம். பதினோராவது ஆள் கந்தவேல்.

அவர் அந்த அவரைக்குச் செய்த சேவகம் இருக்கிறதே, பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் செய்யமாட்டார்கள். ஊரார் ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷ் போட்டால் அவர் மூன்று போட்டார். டிஏபி, யூரியா, கடைக்காரன் கைகாட்டிய பாட்டில் மருந்து எல்லாம் போனது. இலை யானைக்காது மாதிரி விரிந்தது. காய் கொத்துக் கொத்தாக இறங்கியது. அன்பரசுவே வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று ராத்திரி கந்தவேல் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

தை மாசம் ஒன்பது மூட்டை. விதை ஒவ்வொன்றும் பளபளவென்று, பொறுக்கி எடுத்த சோழி மாதிரி. கம்பெனி ஆள் வந்து சாம்பிள் எடுத்துக்கொண்டு, மூட்டைகளின் வாயைக் கம்பியால் கட்டி ஈயச் சீல் வைத்துவிட்டுப் போனான். முளைப்புச் சோதனை முடியும் வரை சீலைத் தொடக் கூடாது. விற்கக் கூடாது. இடம் மாற்றக் கூடாது.

வீட்டில் முன்கூடம் ஒன்றுதான் விஸ்தாரம். அது மூட்டைகளுக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் பக்கவாட்டில் நடக்கப் பழகினார்கள். டிவி மூட்டைக்குப் பின்னால் இருந்ததால் சத்தம் மட்டும் வந்தது. கந்தவேல் சுவருக்கும் அவரைக்கும் நடுவே பாயை நீளவாக்கில் மடித்துப் போட்டுப் படுத்தார். புரள இடமில்லை.

"மூணு வாரத்துல எடுத்துக்குவாங்களாம்" என்றார்.

"ஊடா இது? குடோன்ல நாம வாடகைக்கு இருக்கறாப்புல இருக்குது" என்றாள் கமலவேணி.

மூன்று வாரம் கழித்து மற்ற பத்துப் பேருக்கும் லாரி வந்தது. கந்தவேலுக்குப் போன் வந்தது. அவருடைய விதை தேறவில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து நிற்க வேண்டும், நின்றது முப்பத்தொன்று.

மறுநாள் விடிந்தபோது அண்டாக் கதை டீக்கடையில் தயாராக இருந்தது.

*

கம்பெனியின் சோதனைச்சாலை அஸ்தம்பட்டியில் இருக்கிறது. கீழே பல் ஆஸ்பத்திரி, மாடியில் விதை. அங்கே ஜெபமலர் என்கிற பெண் பதினோரு வருஷமாக முளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நேரம் தவறினால் சிடுசிடுப்பாள், மற்றபடி நல்ல மாதிரி என்று கேள்வி. கந்தவேல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, குற்றவாளிக்கு உண்டான எல்லா லட்சணத்தோடும் போய் நின்றார்.

"அம்மிணி, நான் கரட்டுப்புதூர் கந்தவேலுங்க. நான் அவிக்கலைங்க."

"என்னது?"

"வெதைய. அவிக்கலைங்க."

ஜெபமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, பாய் மாதிரி சுருட்டியிருந்த ஈரத்தாள் ஒன்றை மேஜைமேல் பிரித்தாள். உள்ளே அவரை முளைகள் வரிசையாகக் கிடந்தன.

"அண்ணே, அவிச்ச விதை முளைக்கவே முளைக்காது. உங்க விதையில நூத்துக்கு எண்பத்தெட்டு முளைச்சுது. நல்லா எழுந்து வந்துச்சு. அப்புறம்தான் விழுந்துச்சு. இங்க பாருங்க."

கந்தவேல் குனிந்து பார்த்தார். வேர் இருந்தது. பருப்பு இரண்டும் மேலே வந்திருந்தன. அதற்குக் கீழே கழுத்து மாதிரி இருக்கிற தண்டு, நீர்கோத்து, பழுப்பேறி, துவண்டு போயிருந்தது. விரல் பட்டதும் ஒன்று முறிந்தது. அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"நோவுங்களா?"

"நோய் எதுவும் இல்லை, பார்த்துட்டேன். பட்டினி."

"பட்டினியா? அம்மிணி, மூணு மூட்டை பொட்டாஷ் போட்டேனுங்க!"

"மூணா? ஏக்கருக்கா?" ஜெபமலர் நெற்றியில் கை வைத்தாள். "புள்ளத்தாச்சிக்கு மூணு வேளையும் பிரியாணியே போட்டிருக்கீங்க. கூட ஒரு டம்ளர் பால் குடுக்கலை. செடிக்கு என்ன, அது கொழுகொழுன்னுதான் இருக்கும். வயித்துல இருக்கறதுக்கு எலும்பு வேணுமில்ல? சுண்ணாம்புச் சத்து இலைக்குப் போனா இலையோட நின்னுரும்ணே, திரும்பி விதைக்கு இறங்காது. வேர் புதுசா எடுத்துத் தரணும். நீங்க பொட்டாஷைக் கொட்டினதுல அது உள்ள வர வழியையே அடைச்சிட்டீங்க."

"சுண்ணாம்புக்கு எங்கூர்ல பஞ்சமே இல்லீங்களே. மண்ணே வெள்ளைங்க."

"உங்க ஊர் வெள்ளை சுண்ணாம்பு இல்லை. மெக்னீசியம். செங்கல் சூளைக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. பார்க்கத்தான் ஒண்ணு."

கந்தவேலுக்கு மாமனார், மச்சான், அவர்களுக்கு முந்தின தலைமுறை என்று எல்லோரும் வரிசையாக நின்று எலும்பு நட்டது கண்முன்னால் வந்தது. கடைசியில் கேட்டார்: "அப்ப மத்த பத்துப் பேரு வெதை எப்படிங்க நின்னுச்சு? அதே மண்ணுதானே?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். அவங்க முந்தின போகம் என்ன போட்டாங்க?"

"கடலைங்க. எல்லாருமே கடலைதான். எனக்குத்தான் கடலை தெரியாது, நெலத்தைச் சும்மா போட்டு வெச்சிருந்தேன்."

"கடலைக்கு மண் அணைக்கும்போது?"

"ஜிப்சம் போடுவாங்க."

ஜெபமலர் பேனாவை மூடினாள். ஜிப்சம் என்பது சுண்ணாம்புச் சத்து. கடலைக்காகப் போட்டதில் மிச்சம் மண்ணில் தங்கி, அடுத்த போகம் அவரைக்கு வந்திருக்கிறது. அவரைக்கு ஜிப்சம் வேண்டுமென்று அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே போட்டிருக்கிறார்கள். தறிக்காரருக்குத் தெரியாததும் அதேதான். அவர் தெரியாமலே போடாமல் விட்டிருக்கிறார்.

"ஒரு வேலை செய்யுங்க" என்றாள். "உங்க விதையில இருநூறு தரேன். நூறைச் சுண்ணாம்புச் சத்தே இல்லாத கேன் தண்ணியில முளைக்கப் போடுங்க. நூறை ஜிப்சம் கலந்து தெளிஞ்ச தண்ணியில போடுங்க. பத்து நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ரிப்போர்ட்டுல காரணம்ங்கற கட்டத்தை நான் காலியா வெச்சிருக்கேன்."

*

ஜிப்சம் வேண்டும். ஊரில் யாரிடம் கேட்டாலும் எதற்கென்று கேட்பார்கள். கந்தவேல் வீரபாகுவிடம் போனார். டீக்கடைக்காரரிடம் ஒரு ஏக்கர் கடலையும் உண்டு. ஒரு கை ஜிப்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு வீரபாகு குரலைத் தாழ்த்தினார்.

"வெதையோட சேர்த்து அவிக்கவா?"

"யோவ்!"

"கோவிக்காதீங்க. நானா கட்டிவிட்டேன்? யாரு சொன்னாங்கன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. உங்க பொறவாசல்ல அண்டா கிடக்கறது ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்களே கணக்குப் போட்டுக்கங்க."

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. புழக்கடைப் பக்கம் இருப்பது மச்சானின் வரப்பு.

இரண்டு தட்டு. இரண்டிலும் கழுவின ஆற்று மணல். ஒன்றுக்குக் கேன் தண்ணீர், ஒன்றுக்கு ஜிப்சம் தெளிவு. ஒன்பது மூட்டை அடைத்திருந்த கூடத்தில் தட்டு வைக்க இடமில்லாமல், மூட்டைகளுக்கு மேலேயே வைத்தார். கீழே ஆயுள் தண்டனையில் அவரை. மேலே ஜாமீனில் வந்த இருநூறு. கந்தவேல் காலையில் பல் விளக்குவதற்கு முன் அங்கே போய் நின்றார்.

நாலாம் நாள் இரண்டு தட்டிலும் முளைகள் மணலை முட்டிக்கொண்டு வந்தன. ஆறாம் நாள் வித்தியாசம் தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது" என்றாள் கமலவேணி. கந்தவேலுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் கேன் தண்ணீர்த் தட்டில் ஒரு முளை தலையைத் தொங்கப் போட்டது. பிறகு இன்னொன்று. பத்தாம் நாள் காலையில் அங்கே பாதிக்கு மேல் படுத்துக் கிடந்தன. பக்கத்துத் தட்டில் எழுபத்தாறு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற மாதிரி நேராக நின்றன. கந்தவேல் மூன்று தடவை எண்ணினார்.

"கமலா! இங்க வா! எழுபத்தாறு!"

அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். அதே நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். அன்பரசு.

அவர் மூட்டைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து வந்து, இரண்டு தட்டுகளையும் பார்த்தார். எதற்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டார். கந்தவேல் சொன்னார். மண், வெள்ளைக்கல், கடலை, ஜிப்சம், பொட்டாஷ் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அன்பரசு விவரம் தெரிந்த விவசாயி. பாதியிலேயே புரிந்துவிட்டது. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இதை யாருகிட்டச் சொல்லியிருக்கீங்க?"

"நாளைக்கு அஸ்தம்பட்டி போறேனுங்க. ஜெபமலரம்மா காரணம் எழுதிருவாங்க. எம்பேரு தப்பிச்சுது மச்சான்."

"உங்க பேரு தப்பிச்சுருமுங்க. என்னன்னு எழுதுவாங்க?"

"மண்ணுல சத்துக் குறைன்னு."

"அதுக்கு அடுத்த வரி?"

"ஜிப்சம் போட்டா செரியாப் போயிரும்னு."

"மாப்ளே, கம்பெனிக்காரன் அடுத்த வரிய எங்கீங்க படிக்கறான்? மண்ணு கெட்டதுன்னு முதல் வரியப் பாத்ததுமே தம்மம்பட்டிப் பக்கம் வண்டியத் திருப்பீருவான். அங்க செம்மண்ணு காத்துக் கிடக்குது. பத்து ஊட்டுக்காரன் நடுத்தெருவுல நிப்பான். நானும் ஒருத்தன்."

கந்தவேல் தட்டைப் பார்த்தார். எழுபத்தாறும் நின்றுகொண்டுதான் இருந்தன.

அன்பரசு குரலை மாற்றினார். பெண்ணெடுத்த வீட்டு மாப்பிள்ளையிடம் பேசுகிற குரல். "ஒண்ணே ஒண்ணுங்க. வண்டு புடிக்காம இருக்க வெந்நி காட்டினேன், தெரியாமப் பண்ணீட்டேன், அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. தறிக்காரரு, தெரியாமப் பண்ணீட்டாருன்னு எல்லாரும் மன்னிச்சுக்குவாங்க. ஒருத்தருக்குக் கெட்ட பேரு. பத்து ஊட்டுக்கு வெளக்கு எரியும்."

"ஏன் அண்ணா," என்றாள் கமலவேணி, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, "அந்த ஒருத்தரா நீ இருந்துக்கோயேன்? நீயே வந்து அவிச்சேன்னு சொல்லு. அண்டாக் கதைய ஆரம்பிச்சவன் நீதானே?"

அன்பரசு எழுந்துகொண்டார். "உன்ற பங்கும் அந்த மண்ணுதான் சாமி. மண்ணு கெட்டதுன்னு பேராச்சுன்னா நாளைக்கு இந்த ரெண்டு ஏக்கரை நாயிகூட மோந்து பாக்காது. யோசிச்சுக்கங்க." வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்புறம் மாப்ளே, அந்த ஜிப்சம், ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் போட்டீங்க?"

*

அன்று கந்தவேல் தோட்டத்தைச் சுற்றி வந்தார். சுற்றி வருவது என்றால் நான்கு திருப்பம்தான். மூன்று பக்கம் மச்சான், ஒரு பக்கம் கரடு. அவித்தேன் என்று சொன்னால் திருடன். அவிக்கவில்லை என்று நிரூபித்தால் பத்துக் குடும்பத்தின் வயிற்றில் அடித்தவன். அதோடு பெண்டாட்டி நிலத்தையும் தானே கெட்டுப்போனது என்று எழுதிக் கொடுத்தவன். சும்மா இருந்தால்? சும்மா இருந்தாலும் திருடன்தான். கரட்டில் அப்போது வெடி வைத்தார்கள். வெள்ளைப் பொடி கிளம்பி மெதுவாக இறங்கி அவர் தலையில் படிந்தது. தறியில் பஞ்சு படிகிற மாதிரியே இருந்தது.

ராத்திரி, மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் படுத்தபடி, "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"அவிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள் கமலவேணி இருட்டிலிருந்து. "அடுப்பு என்னுது. என்ற அடுப்புல நடக்காததை நடந்துச்சுன்னு சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது."

மறுநாள் டவுன் பஸ்ஸில் இரண்டு தட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு போனார். ஜெபமலர் தட்டுகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. தானும் எண்ணினாள். எழுபத்தாறு. பேனாவைத் திறந்து, காரணம் என்ற கட்டத்துக்கு மேல் கையைக் கொண்டுபோனாள்.

"அம்மிணி, கொஞ்சம் பொறுங்க. மண்ணுன்னு எழுதினா அடுத்த வரியக் கம்பெனியில படிப்பாங்களா?"

ஜெபமலர் கை நின்றது. பதினோரு வருஷமாக அவள் இரண்டாவது வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். பொய் சொல்ல வராத பெண். "மாட்டாங்கண்ணே" என்றாள்.

"நான் மூணு மூட்டை பொட்டாஷ் போட்டது நெசந்தானுங்களே?"

"ஆமா."

"ஜிப்சம் போடாததும் நெசம்."

"ஆமாண்ணே."

"அப்ப எம்மேலயே எழுதிருங்க. அவிச்சதா எழுதாதீங்க. வேற எப்படி வேணாலும் எழுதுங்க."

ஜெபமலர் ரொம்ப நேரம் யோசித்து எழுதினாள்: சாகுபடி முறையில் விவசாயியின் பிழை. "இது பொய் இல்லைண்ணே" என்றாள். "முழு நிஜமும் இல்லை. ரெண்டு போகம் உங்களுக்கு விதை தரமாட்டாங்க. அது விதி." கந்தவேல் தலையாட்டினார். திரும்பும்போது ஜிப்சம் தட்டை அவளிடமே விட்டுவிட்டு வந்தார். அவள் அதை ஜன்னலோரம் வைத்துக்கொண்டாள்.

சீலை வெட்டினார்கள். ஒன்பது மூட்டையையும் பருப்பாக விற்றுவிட்டு வரலாமென்று செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோனார். மண்டிக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "கரட்டுப்புதூருங்களா? அவிச்சதுங்களா, பச்சையா? அவிச்சதுன்னா சொல்லுங்க, விலை சேர்த்துத் தாரேன், சமையல் கேஸ் மிச்சம்" என்றார். கடையே சிரித்தது. கந்தவேல் எடைத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரிப்போர்ட்டின் வாசகம் டீக்கடைக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. 'சாகுபடி முறையில் பிழை' என்றால் என்ன என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அன்பரசு டீயை ஆற்றிக்கொண்டே விளக்கினார்: "ஆபீசர்மாருங்க அவிச்சதைக் கௌரவமா அப்படித்தான் எழுதுவாங்க."

கம்பெனி கரட்டுப்புதூரிலேயே இருந்தது. பத்துப் பேருக்கும் மறுபடி விதை கொடுத்தது. அந்தப் போகம் ஊரில் ஒரு ஆள்கூடக் கடலை போடவில்லை. ஆனால் உரக்கடையில் ஜிப்சம் நாலே நாளில் தீர்ந்துபோனது. யாருக்கு என்று கடைக்காரர் கேட்டபோது பத்துப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்களாம்: "சும்மா, ஊட்டுக்கு."

*

கந்தவேலும் போட்டார். கம்பெனி விதை இல்லை. வரப்போரம் மிஞ்சியிருந்த பழைய கொடியில், மச்சான் அந்நாளில் கொடுத்த படியின் வாரிசுகள் கொஞ்சம் இருந்தன. அதை அரை ஏக்கரில் ஊன்றினார். பொட்டாஷ் அளவாக, ஜிப்சம் பூக்கும் முன்னால். செடி முந்தினதைப் போல யானைக்காதெல்லாம் காட்டவில்லை. சாதாரணமாக இருந்தது. அன்பரசு வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்னுங்க மாப்ளே, இந்த வருசம் வாட்டமாட்ட இருக்குது?" என்றார்.

தையில் அறுத்தார். நூறு விதையை எடுத்து, வேண்டுமென்றே வெறும் கேன் தண்ணீரில், மணலில் போட்டார். தொண்ணூற்றிரண்டு நின்றன. பத்தாம் நாள் அவர் விரலால் ஒன்றின் கழுத்தைத் தட்டிப் பார்த்தார். வளைந்துவிட்டு மறுபடி நிமிர்ந்தது.

அன்று சாயங்காலம் ஒன்றரைப் படி அளந்து, மஞ்சள் துணியில் முடிந்து, மச்சான் வரப்பு மேலேயே நடந்து, மச்சான் வீட்டுக்குப் போனார். வாசலில் கம்பெனிக்கு அவரை போடுகிற கூட்டாளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீரபாகுவும் இருந்தார்.

"என்னுங்க மாப்ளே?"

"ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு படி குடுத்தீங்களே மச்சான். ஒன்றரையாக் கொண்டாந்திருக்கேன். என்ற நெலத்துல நானே வெளைவிச்சது. வாங்கி வெதைச்சுக்கங்க."

அன்பரசு முடிச்சைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்கள் அன்பரசுவைப் பார்த்தார்கள். வாங்கினால் அது விதை. கந்தவேல் கையால் கொடுத்தது விதை என்று ஆகிவிட்டால், போன வருஷத்து அண்டாவுக்கு என்ன பதில்? வேண்டாம், கடனை விட்டேன் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. விதைக் கடனை யாரும் விட்டதாகச் சரித்திரமில்லை. விட்டால் ஏன் விட்டார் என்று வேறு கேட்பார்கள்.

"இப்ப என்னுங்க அவசரம்?" என்றார் கடைசியில். "வெச்சிருங்க. ஆடிக்குப் பாத்துக்கலாம்."

"ஆடிக்கே வாரேனுங்க."

ஆடிக்குப் போனார். "புரட்டாசிக்குப் பாத்துக்கலாம்" என்றார் அன்பரசு. வீரபாகு மட்டும், எதற்கோ தெரியவில்லை, தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

மஞ்சள் முடிச்சு இப்போது கந்தவேல் வீட்டு முன்கூடத்தில், மூட்டைகள் இருந்த இடத்துக்கு மேலே, ஆணியில் தொங்குகிறது. வண்டு விழாமலிருக்க உள்ளே காய்ந்த வேப்பிலை போட்டிருக்கிறாள் கமலவேணி. அமாவாசைக்கு அமாவாசை இறக்கி, முறத்தில் பரப்பி, வாசலில் வெயில் காட்டுகிறாள். வரப்பு வழியே போகிற அண்ணன் பார்வையில் படுகிற மாதிரி பார்த்துத்தான் காட்டுகிறாள். சாயங்காலம் மறுபடி அளந்து கட்டுகிறாள். ஒன்றரைப் படி, குறையாமல் இருக்கிறது.